கைநாட்டும் கையெழுத்தும்: சாம்பியன் ரீப்ஸின் ஒரு பேனா

கோலார் தங்கவயலைப் பற்றிய எழுத்துகளில் பொன் இடம்பெறுகிறது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் இடம்பெறுகிறது. நுரையீரலில் படிந்த கல்தூசியும், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டதும் இடம்பெறுகின்றன. எழுதுகோல் அநேகமாக இடம்பெறுவதில்லை. சாம்பியன் ரீப்ஸ், மாரிக்குப்பம், ஊரிகம் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மையை முதலில் தொட்டது எழுதும் விரல் அன்று, பெருவிரல் என்பதை நினைவிற்கொண்டால், அந்த ஊரில் ஒரு சிறுவனின் சட்டைப்பையில் பேனா ஏறிய நிகழ்வைத் தனியே எடுத்துப் பேசுவதற்கு நியாயம் உண்டு.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியைக் கையில் எடுத்த பின்னர், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையான மக்கள் அங்கே குடியேறினர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலமும் எழுத்தும் ஒருசேர மறுக்கப்பட்ட ஊர்களை விட்டு வந்தவர்கள். பொன் திருட்டைத் தடுக்கும் பெயரால் தொழிலாளர் மீது விதிக்கப்பட்ட கண்காணிப்புகளுள் கைரேகைப் பதிவும் ஒன்று. 1930இல் அந்தப் பதிவு ஏற்பாட்டை எதிர்த்துத் தொழிலாளர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கத்துக்குள் இறங்க மறுத்தனர். இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தங்கள் ஏராளம். விரலில் மை பூசப்படுவதை மறுத்து நடந்தவை அரிது. தமிழில் ‘கைநாட்டு’ என்ற சொல் ஓர் அடையாள முறையைக் குறிப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஆளையே குறித்து வசையாகவும் வழங்குகிறது. அந்த வசையின் கனத்தை அறிந்தவர்களுக்குத்தான் அந்த மூன்று வாரங்களின் பொருள் முழுமையாக விளங்கும்.

இதற்கு மறுபுறமும் அதே ஊரில் இருந்தது. 1907இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழின் தொடர்ச்சி, அவர் 1914இல் மறைந்த பிறகு, 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீப்ஸில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது. பெருவிரல் ரேகை கேட்ட ஊரும் நூல் அச்சிட்ட ஊரும் ஒன்றே. ஆய்வுகளில் இவ்விரண்டும் தனித்தனி இயல்களாகப் பிரிந்துபோவதால், ஒரே வீட்டுக்குள் இவை எவ்வாறு சந்தித்தன என்பது பெரும்பாலும் தெரியாமற்போகிறது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், சாம்பியன் ரீப்ஸ் லைன் ஒன்றில், பிறந்தவர் இன்று பெங்களூரில் வாழும் பேனா ஆர்வலர். வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய பாட்டனார் கைநாட்டு. தந்தை, சங்கத்தார் நடத்திய இரவு வகுப்பில் சில மாதம் உட்கார்ந்து, தம் பெயரை மட்டும் எழுதக் கற்றவர். சம்பளப் பட்டுவாடாவின்போது, பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதுவாராம். அந்த நான்கு எழுத்துகளுக்கு மேல் அவர் கடைசிவரை எழுதியதில்லை. மகன் ஆறாம் வகுப்புக்குப் போன 1966இல், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் அவர் வாங்கித் தந்ததே முதல் பேனா.

விலையுயர்ந்த பேனா அன்று. பெயர் பொறிக்கப்படாத, பழுப்புச் சிவப்பு நிற பிளாஸ்டிக் உடல், பித்தளைக் கிளிப்பு, ‘இரிடியம் பாயிண்ட்’ என்று பொறித்த எஃகு நிப்பு. அந்த நிப்பில் இரிடியம் ஓர் அணுவும் இருந்திருக்காது என்பதை வேதியியல் படித்த பின்னரே அவர் அறிந்தார். கண்ணாடி இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை நிரப்ப வேண்டும். கழுத்தைத் திருகி மூடிய பிறகும் மரை வழியாக மை கசியும். நடுவிரலின் முதற்கணுவில் நீலக் கறை நிரந்தரமாகத் தங்கியது. சோப்பை மரையில் தேய்த்தால் கசிவு குறையும், புது நிப்பைச் சிலேட்டில் எட்டு வடிவமாக இழைத்தால் ஓட்டம் சீராகும், பிளவில் அடைத்த தூசியைப் பழைய பிளேடால் நீவி எடுக்கலாம் என்பவையெல்லாம் வகுப்பறையின் கடைசி வரிசையில் கைமாறிய அறிவுகள். மை தீர்ந்தவனுக்கு அடுத்தவன் தன் பேனாவைத் தலைகீழாக உதறி இரண்டு சொட்டுக் கடன் கொடுப்பான். மறுநாள் அது திருப்பித் தரப்பட்டாக வேண்டும்.

தூசி என்பது சாம்பியன் ரீப்ஸில் சாதாரணச் சொல் அன்று. பொன் பிரித்தெடுத்த பின் எஞ்சிய அரைமண் மலைமலையாகக் குவிந்திருந்தது, இன்றும் குவிந்திருக்கிறது. ‘சயனைடு மேடு’ என்பது அதற்கு ஊர்மக்கள் இட்ட பெயர். காற்றடிக்கும் மாதங்களில் அங்கிருந்து கிளம்பும் மாவு போன்ற பொடி, சோற்றிலும் படியும். நோட்டுப் புத்தகத்திலும் படியும். எழுதிக்கொண்டிருக்கும்போதே நிப்பின் பிளவு அடைத்துக்கொள்ளும். பேனாவைக் கழற்றிக் கழுவும் பழக்கம் அவருக்கு அழகுணர்ச்சியால் வந்ததன்று. கழுவாவிட்டால் எழுதாது. உலகெங்கும் உள்ள பேனா ஆர்வலர்கள் வாரத்திற்கொருமுறை பக்தியோடு செய்யும் சடங்கை, தங்கவயல் சிறுவர்கள் காற்றுக்குப் பயந்து நாள்தோறும் செய்தனர்.

பேனா வந்த சில வாரங்களில் அவர் அந்த லைனின் கடிதம் எழுதுபவரானார். வீட்டுக்கு ஒருவராவது பள்ளிக்குச் சென்ற காலம்தான் அது. ஆனால் பேனா எல்லா வீட்டிலும் இல்லை. குடியாத்தம், வாணியம்பாடி, ஆர்க்காட்டுப் பக்கத்து ஊர்களுக்கு அஞ்சலட்டைகள், இன்லண்டு கடிதங்கள், மணியார்டர் படிவங்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, மழை, ஆடு, கடன், பெண்ணின் கலியாணம் என நீளும். வாயிற்படியில் உட்கார்ந்து சொல்பவர் இடையிடையே இருமுவார். இருமலைப் பற்றி எழுதட்டுமா என்று ஒருமுறை கேட்டபோது வந்த பதில் இன்றும் அவர் நினைவிலிருக்கிறது: “அத எழுதாத தம்பி. ஊர்ல கெழவி தூங்காது. நல்லா இருக்கேன்னு போடு.” அடுத்த வீட்டிலும் அதே சொல், அதற்கடுத்த வீட்டிலும் அதே. சிலிகோசிஸ் என்ற சொல்லை அறியாத வயதில், அந்நோய் எந்தக் கடிதத்திலும் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தப் பேனாவுக்கு வந்து சேர்ந்தது. தங்கவயல் குடும்பக் கடிதங்களைச் சான்றாகக் கொண்டு தொழிலாளர் உடல்நலத்தை ஆராய முற்படுவோர் இந்த மௌனம் எங்கே உற்பத்தியானது என்பதைக் கருத்திற்கொள்வது நல்லது. நோய் இல்லாததால் அன்று, எழுத வேண்டாம் என்று சொல்லப்பட்டதால் அது அங்கே இல்லை.

கல்லூரியில் வேதியியல் எடுத்ததற்குப் பேனாவே காரணம் என்று அவர் சொல்வதை முழுவதுமாக நம்ப வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தம் வாழ்க்கைக்கு ஒழுங்கான காரணங்களைப் பிற்பாடு கண்டுபிடிப்பதுண்டு. ஆனால் நீலக்கருப்பு மையின் இயல்பு அவரை ஈர்த்தது உண்மை. இரும்பு உப்பும் கடுக்காய், மாசிக்காய் போன்றவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளும் சேர்ந்த மை அது. எழுதும்போது வெளிறியிருக்கும், தாளில் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தபின் கறுத்து இறுகும். நீரில் கரையாது. அதில் அமிலம் உண்டு. எஃகு நிப்பை மெல்ல அரிக்கும். பொன்னை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. உயர்ந்த பேனாக்களின் நிப்பு பொன்னால் செய்யப்பட்டதற்கு ஆடம்பரம் பின்னாளைய காரணம். அரிப்பைத் தாங்குவதே முதற்காரணம். பொன் மென்மையானது என்பதால் தாளில் உராயும் முனையில் மட்டும் ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடினமான உலோகக் கலவையின் மணியொன்றை ஒட்டவைப்பர். மையில் கரையாத பொன் சயனைடில் கரையும். அவ்வாறு கரைத்து எடுக்கப்பட்டதன் மிச்சமே ஊரைச் சுற்றி நின்ற மேடுகள்.

இந்த இணைப்பு மனத்தில் பதிந்த பிறகு பேனாக்களைத் தேடத் தொடங்கினார். சாத்தூரில் குடிசைத்தொழிலாக நிப்பு அடித்த பட்டறைகள், பால்பாயிண்ட் பேனா பரவியபின் ஒவ்வொன்றாக மூடப்பட்டதை நேரில் கண்டார். முழுக்க உள்நாட்டிலேயே செய்த பேனாவுக்காக 1935இல் காந்தியடிகளிடமிருந்து பாராட்டுக் கடிதம் பெற்ற ரத்னம் நிறுவனத்தைத் தேடி ராஜமுந்திரி சென்றார். திருவள்ளூரில் எபோனைட் தண்டைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துக் கையால் பேனா கடையும் இடத்தில் அரைநாள் நின்றார். கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பரே எபோனைட். கடையும்போது எழும் கந்தக வாடை சிலருக்குத் தலைவலி தரும். அவருக்கு அது ஊர் வாடையாகத் தோன்றியதாம். அறுபதுக்கு மேற்பட்ட பேனாக்கள் அவரிடம் சேர்ந்தன. ஷாங்காய் ஹீரோ உண்டு, பார்க்கர் உண்டு, பெயரற்றவையும் பல உண்டு. வரிசைப்படுத்திக் காட்சிக்கு வைக்கும் ஆர்வம் அவருக்கு இல்லை. எல்லாவற்றாலும் எழுதுகிறார்.

அவற்றுள் ஒன்று மட்டும் தனிக்கதை உடையது. 1979இல், ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், பெங்களூரில் பழைய பொருள் விற்பவரிடம் 14 காரட் பொன் நிப்புள்ள பேனாவொன்றை வாங்கி, மாரிக்குப்பம் ரயிலேறி வீட்டுக்குக் கொண்டுபோனார். தந்தை அப்போது பணி ஓய்வை நெருங்கியிருந்தார். முப்பது ஆண்டுகள் பொன்னுக்காகக் கல் உடைத்தவர் நிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுக்கு எத்தினி கல்லு ஒடைச்சிருப்போம்?” மகனுக்கு அப்போது விடை தெரியவில்லை. பிற்பாடு கணக்கிட்டார். நிப்பின் எடை அரை கிராம் என்றால், 24இல் 14 பங்கு, அதாவது 0.29 கிராம் பொன். சுரங்கம் மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு டன் கல்லில் மூன்று, நான்கு கிராம்தான் கிடைத்தது. அந்தக் கணக்கில் ஒரு நிப்புக்கு எழுபது முதல் நூறு கிலோ வரை கல். தங்கவயலின் 120 ஆண்டுச் சராசரியைக் கொண்டால் இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

அன்று தந்தை அந்தப் பேனாவால் செய்தித்தாளின் ஓரத்தில் தம் பெயரை எழுதிப் பார்த்தார். எழுத்தைப் பிந்திக் கற்றவர்களின் அழுத்தம் அவர் கையில் இருந்தது, பொன் மெதுவானது, நிப்பின் இரு கால்களும் சற்றே விரிந்துவிட்டன. அன்றுமுதல் அந்தப் பேனாவின் கோடு தடித்தது. விரிந்த நிப்பைச் சீர்செய்வது பேனா ஆர்வலர்களுக்குச் சிறிய வேலை. பழகிய கைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும். நண்பர்கள் பலர் முன்வந்தும் அவர் அதைத் தரவில்லை. தம் ஆராய்ச்சி மாணவர்களின் ஏடுகளில் அவர் இட்ட கையொப்பங்கள் யாவும் அந்தத் தடித்த கோட்டில் அமைந்தவை.

2001க்குப் பிறகு லைன் வீடுகளிலிருந்து பலர் வெளியேறினர். எஞ்சியோரிலும் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். வீடு காலி செய்யும்போது இரும்புப் பெட்டிகளிலிருந்து கடிதக்கட்டுகளும் சங்கங்களின் வரவுசெலவு ஏடுகளும் வெளிப்படுகின்றன. அவற்றைப் படித்துத் தரச் சொல்லி இப்போது அவரைத் தேடி வருகின்றனர். மையைப் பார்த்தே ஓரளவு காலத்தையும் எழுதியவரின் நிலையையும் அவரால் கூற முடிகிறது. நீலக்கருப்பு மையில் எழுதிய அலுவல் தாள்கள் பழுப்பேறியிருந்தாலும் படிக்கும்படி உள்ளன. மை அடர்ந்த இடங்களில் மட்டும் அமிலம் தாளைத் தின்று துளையிட்டிருக்கிறது. பள்ளிப்பிள்ளைகள் பயன்படுத்திய நீல மை வெறும் சாயம். ஒழுகும் கூரையும் வெயிலும் அதை அழித்துவிட்டன. அவர் சிறுவயதில் எழுதித்தந்த கடிதங்களுள் திரும்பக் கிடைத்த சிலவற்றில் முகவரி தவிர ஏதும் தெரியவில்லை.

அண்மையில் அவரிடம் வந்த பழைய ஏடொன்றின் முற்பக்கங்களில் வரிசையாகப் பெருவிரல் ரேகைகள். பிற்பக்கங்களுக்குச் செல்லச் செல்ல ரேகைகள் குறைந்து கையொப்பங்கள் மிகுகின்றன. ரேகைகள் எண்ணெயில் குழைத்த கரிமசியில் பதிந்தவை, கரி வெளிறுவதில்லை, ஒவ்வொரு சுழியும் நேற்று வைத்தது போலத் துலங்குகிறது. கையொப்பங்களில் பாதி நீரூறி மங்கிவிட்டன. ஏட்டைக் கொண்டுவந்த குடும்பத்தார் பிளாஸ்டிக் உறையிட்டு லாமினேட் செய்யப்போவதாகச் சொன்னபோது அவர் தடுத்தார். வெப்பமும் பசையும் எஞ்சிய சாயத்தையும் கெடுக்கும், பின்னர் பிரிக்கவும் இயலாது. சாய்ந்த வெளிச்சத்தில் நிப்பு பதித்த பள்ளத்தைக் கொண்டு மங்கிய பெயர்களைப் படித்துத் தனித்தாளில் நீலக்கருப்பு மையால் எழுதி வருகிறார். மெதுவாக, அழுத்தி எழுதியவர்களின் பெயர்கள் எளிதில் கிடைக்கின்றன. விரைந்தெழுதப் பழகிவிட்ட அடுத்த தலைமுறையின் பெயர்கள்தாம் கடினமாக இருக்கின்றன. இதுவரை நாற்பத்தொரு பெயர்கள் ஆகியிருக்கின்றன.