ஈரல் புற்றுக்குள் போக வழி

உடன்குடிக்குப் பக்கத்துத் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், எதிரே தெரிகிற பனையடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் எத்தனை தடவை மணலில் புதையும் என்று. ஈரல் புற்றுக்கட்டியை நெருங்கும் டி செல்களின் கதியும் கிட்டத்தட்ட அதுதான்.

கட்டி வளர ரத்தம் வேண்டும். அதற்காக வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. அவசரத்தில் கட்டியவை அல்லவா, எல்லாம் கோணல், ஒழுகல்! டி செல்கள் பற்றி ஏற உள்சுவரில் பிடிமானமும் குறைவு. போதாததற்கு, எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்களையும் இந்தப் புரதம் முதிரவிடாது.

குழாய் வளர்வதைத் தடுத்தால் கட்டி பட்டினியாகும் என்றார் ஜூடா ஃபோக்மன், 1971-ல். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ராகேஷ் ஜெயின் 2001-ல் சொன்னது வேறு: குழாய்களை அழிப்பதைவிடச் சீராக்கினால் மருந்து உள்ளே போகும். பிறகு டி செல்களுக்கும் அதே வழி திறப்பது தெரிந்தது.

2020-ல் வெளியான ஐஎம்பிரேவ்150 ஆய்வில் 501 நோயாளிகள். வி.ஈ.ஜி.எஃப்.பை அடக்கும் பெவாசிஸுமாபும், டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடும் அடிசோலிசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 67.2%. பழைய சோராஃபெனிப் மாத்திரையில் 54.6%.

ஒரு சிக்கல்: பெவாசிஸுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். ஈரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்திருக்கும். அதனால் முதல் ஊசிக்கு முன்பே எண்டோஸ்கோப்பி பார்த்துவிடுகிறார்கள்.