கடலோரத் திராட்சைத் தோட்டம்

இத்தாலியில் டஸ்கனி கடற்கரையோரம் போல்கெரி என்று ஒரு சின்ன ஊர். மகன் குடும்பத்தோடு போயிருந்தேன். இரு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் வரிசை கட்டி நிற்க, சுமார் 5 கிலோ மீட்டருக்கு நேர்ச் சாலை. அப்படியொரு அழகு!

மாரெம்மா என்னும் இந்தப் பகுதி ஒரு காலத்தில் மலேரியா குடிகொண்ட சதுப்பு நிலம். மலேரியா என்பதே 'கெட்ட காற்று' என்ற இத்தாலியச் சொல்தான். தண்ணீரை வடித்து, கொசுவை ஒழித்தார்கள். மலேரியா இல்லாத நாடு என்று 1970-ல் இத்தாலி சான்று பெற்றது.

கல்லும் மண்ணுமான அந்த நிலத்தில் 1940-களில் பிரெஞ்சுத் திராட்சைக் கொடிகளை நட்டார் மாரியோ இன்சீசா. 'சஸ்ஸிகாயா' ஒயின் பிறந்தது. 1968 அறுவடையிலிருந்து விற்பனைக்கும் வந்தது. இப்போது காபர்னே, மெர்லோ என்று பல ரகங்களைக் கலந்து சிவப்பு ஒயின் செய்கிறார்கள்.

சாப்பாட்டு மேஜையில், "ஒரு வாய் குடித்தால் ரத்தம் ஊறும்" என்று மருமகளிடம் கோப்பையை நீட்டினார்கள். அவளுக்கு ஐந்தாம் மாசம்! "வேண்டாம்மா" என்று நான் தடுத்துவிட்டேன். தாய் குடிப்பது தொப்புள் கொடி வழியே சிசுவுக்கும் போகும். கர்ப்பிணிக்கு 'இவ்வளவு குடித்தால் பாதகமில்லை' என்று ஓர் அளவே கிடையாது. யாரும் கோபித்துக் கொள்ளவில்லை. அவளுக்குப் பழச்சாறு வந்தது.

ஊர்ப் பெருமை ஊருக்கு. வயிற்றுப் பிள்ளை நமக்கு. என்ன சொல்கிறீர்கள், சகோதரிகளே?