அடுப்புக்கும் மாடு வேண்டும்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில், ஆந்திரா முடியப்போகும் இடத்தில் இருக்கிறது குடிபாலா. பெயர்ப்பலகையில் தெலுங்கு, திண்ணையில் தமிழ். கரும்பும் மாவும் காலை வாரினாலும் வீட்டுச் செலவைத் தாங்குவது கறவை மாடுதான். மாடு இருக்கும் ஊரில் அடுப்புக்கு என்ன பஞ்சம்?

அரசும் அப்படித்தான் நினைத்தது. 1981-82ல் தேசிய அளவில் சாண எரிவாயுத் திட்டம் வந்தது. 1984ல் உருவான 'தீனபந்து' கலனில் துருப்பிடிக்க இரும்பு டிரம் கிடையாது, செங்கல்லும் சிமென்டும்தான். செலவும் குறைவு.

எங்கள் வீட்டில் கட்டியது 2 கன மீட்டர் கலன். அதற்குத் தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர் வேண்டும். அதாவது நான்கைந்து மாடுகள். அம்மா விடியலில் கரைத்து ஊற்றுவார். புகையில்லாமல் சமையல் முடிந்துவிடும். கிணறு வற்றி, தீவன விலையும் ஏறியபோது மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. மிஞ்சிய இரண்டு மாட்டுச் சாணத்தில் காபி போடுவதே பெரும்பாடு. மானியம் தந்த அலுவலகத்தின் பதிவேட்டில் 'கட்டியாயிற்று' என்று இருக்கிறது. 'எரிகிறதா' என்று யாரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு மிச்சத்தைப் போடலாமே என்கிறார்கள். போடலாம். மாடு சத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது சாணம். இலையில் வீணாகும் சோற்றில் சத்து அப்படியே இருக்கிறது. கிலோவுக்குக் கிலோ சோறுதான் அதிக வாயு தரும். ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் கலன் புளித்துவிடும். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அவசரம். மீத்தேன் தருபவை நிதானமானவை. இரண்டையும் சமாளிக்கச் சாணம் வேண்டும்.

தவிர, கிராமத்து வீட்டில் மிச்சம் ஏது? கழுநீரும் காய்கறித் தோலும் மாட்டின் தொட்டிக்குத்தான் போகும். மிச்சம் குவிவது கல்யாண மண்டபங்களிலும் விடுதிகளிலும் நகரத்து ஓட்டல்களிலும். சாணம் ஓரிடம், சோறு ஓரிடம். 2018ல் வந்த 'கோபர்தன்' திட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. நல்லது. தெருவுக்கு ஒரு கலன் என்றால் இரண்டு மாடு வைத்திருப்பவரும் பங்கு கேட்கலாம். வாயு போனபின் வெளிவரும் கரைசலில் தழைச்சத்து தங்கியிருக்கும். வறட்டி தட்டி எரித்தால் அது போய்விடும். கரும்புத் தோட்டத்துக்கு அதுவே உரம்.

ஒன்று மட்டும் வேண்டும். கட்டிய அன்றே மானியம் முழுவதையும் கொடுத்துக் கணக்கை முடிக்காமல், ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்று வருடம் கழித்தும் அடுப்பு எரிந்தால் கொடுக்கட்டும். கலன் கட்டுவது கொத்தனார் வேலை. அதற்குத் தினமும் தீனி போடுவது வீட்டுப் பெண்கள். அந்தப் பணம் அவர்கள் கைக்குப் போகட்டும்.