துருத்திக்குப் பதிலா ஒரு சக்கரம்

எங்க ஊர் ஒலக்கூர். சென்னையிலிருந்து விழுப்புரம் போற பாசஞ்சர்ல, திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். உங்கள்ல நிறைய பேர் தூங்கிட்டே தாண்டியிருப்பீங்க. அம்மாவோட அப்பா அங்கதான் இருக்கார். முப்பது வருஷத்துக்கு மேல தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவர். பங்குனி, சித்திரை வந்தா திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துன்னு ஊர் ஊரா போயிடுவார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். வலது கை விரல் பழைய மாதிரியே ஓடுது. ஆனா வலது கை கட்டையை அழுத்த, இடது கை துருத்தி போட்டாதான் பெட்டி பேசும். நான் பக்கத்துல உட்கார்ந்து துருத்தி போட்டுப் பார்த்தேன். ரெண்டே நிமிஷம். "உன் காத்துக்கு நான் வாசிக்க முடியாதுடா"ன்னு கையை எடுத்துட்டார்.

என்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு மிடி கீபோர்டு இருக்கு. அதோட இடது ஓரத்துல ஒரு சின்ன சக்கரம், மாடுலேஷன் வீல். தள்ளினா 0-லிருந்து 127 வரைக்கும் ஒரு நம்பரை அனுப்பும், அவ்வளவுதான். அதைத் தள்ளுற அளவுக்கு தாத்தாவோட இடது கட்டைவிரல்ல பலம் இருந்தது. சரி, துருத்தியை அந்தச் சக்கரத்துக்குள்ள கொண்டு வந்துடலாம்னு நினைச்சேன்.

வெறும் வால்யூமை ஏத்தி இறக்கினா போதாதான்னு கேப்பீங்க. போதாது. அம்மா மெதுவா கூப்பிடறதை ரெக்கார்ட் பண்ணி ஸ்பீக்கர்ல சத்தமா வச்சா அது அம்மா கத்துற மாதிரி இருக்காது இல்லையா, அதே கதைதான். காத்து அழுத்தம் கூடினா ரீடோட குரலே மாறும், மேல் ஹார்மோனிக்ஸ் எல்லாம் எழும்பி வரும். அதனால ஒவ்வொரு கட்டையையும் மெதுவா, நடுத்தரமா, பலமான்னு மூணு தடவை ரெக்கார்ட் பண்ணினோம். ரெண்டு ஸ்தாயி, 25 கட்டை, மொத்தம் 75 ஃபைல். கட்டையை அழுத்தினது தாத்தா, துருத்தி நான், திட்டு இலவசம்.

இந்த மூணையும் இலவச சாம்ப்ளர் ஒண்ணுல அடுக்கி, சக்கரம் மேல போகப் போக ஒண்ணு மறைஞ்சு அடுத்தது எழும்பற மாதிரி செஞ்சேன். இதுக்குப் பேர் கிராஸ்ஃபேடு. பெரிய கண்டுபிடிப்பெல்லாம் இல்ல, 1986-லயே ப்ராஃபெட் விஎஸ்-னு ஒரு சிந்தசைஸர்ல ஒரே ஜாய்ஸ்டிக்கால நாலு ஒலியைக் கலந்திருக்காங்க. ஆனா முதல் நாளே எனக்கு அடி. ரெண்டுக்கும் பாதிப் பாதி, அதாவது 0.5, 0.5 கொடுத்தேன். நடுவுல சத்தம் பள்ளத்துல விழுந்தது. ரெண்டு தனித்தனி ரெக்கார்டிங் சேரும்போது கூடறது பவர்தானே: 0.25 கூட்டல் 0.25, பாதி பவர், 3 டெசிபல் காலி. 0.707 கொடுத்திருக்கணும். இதை எக்ஸாம்ல எழுதி மார்க் வாங்கினவன் நான்.

சரி பண்ணி தாத்தா முன்னாடி வச்சேன். சக்கரத்தை மெதுவா ஏத்தினார், பாதியில நிறுத்தினார்.

"இன்னாடா, ரெண்டு பேர் வாசிக்கிறாங்க?"

எனக்கு எதுவும் கேக்கல. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். மெல்லிசா ஒரு அலை, வ்வா வ்வான்னு. ரீடுல காத்து பலமா போனா சுருதி ஒரு மயிரிழை இறங்கும். மெதுவானது 440 ஹெர்ட்ஸ், பலமானது 438-னா, ரெண்டும் சேர்ந்து ஒலிக்கிற இடத்துல வினாடிக்கு ரெண்டு தடவை அலையடிக்கும். 75 ஃபைலையும் ஒவ்வொண்ணா சுருதி சேர்த்தேன், மூணு ராத்திரி போச்சு. ரெண்டும் கலக்குற இடத்தையும் குறுக்கினேன். முழுசா போகல, ஆனா அவர் முகம் சுளிக்கிறது நின்னது.

அடுத்த குறை இன்னும் பெரிசு. "இது மூச்சே விடாம கத்துதே!" சக்கரம் விட்ட இடத்துலயே நிக்கும். துருத்தி அப்படியா? போடறதை நிறுத்தினா உள்ள இருக்கிற காத்து தீரத் தீர சத்தம் அடங்கும். அவர் பாட்டோட தாளமே அந்த ஏத்த இறக்கத்துலதான் இருக்கு. அதனால கீபோர்டுக்கும் சாம்ப்ளருக்கும் நடுவுல ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் வச்சேன். சக்கரம் எங்க நிக்குதுன்னு அது பாக்காது, எவ்வளவு அசையுதுன்னு பாக்கும். அசைச்சா காத்து ஏறும், விட்டா தானா இறங்கும்.

அன்னைக்கு சாயங்காலம் அவர் ஒரு மணி நேரம் விடாம வாசிச்சார். பாட்டி அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தாங்க.

ஒரே ஒரு கோளாறு பாக்கி. பஞ்சமத்தோட பலமான ரெக்கார்டிங்ல, நாங்க கவனிக்காம ஒரு எக்ஸ்பிரஸ் ஹாரன் உள்ள வந்துடுச்சு. அந்தக் கட்டையில வேகமா காத்து ஏத்தினா தூரத்துல ரயில் போகும். திரும்ப எடுக்கலாம்னா பெட்டியோட துருத்தித் தோல் கிழிஞ்சு கிடக்கு, திண்டிவனம் கொண்டு போகணும். அது வரைக்கும் அந்த இடம் வந்தா தாத்தா சக்கரத்தை வேணும்னே ஒரு தள்ளு தள்ளிட்டு, "ட்ரெயின் லேட்டு"ங்கறார்.