ஔவையைத் தேடிப் பதினாறின் வழியே

பழைய நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் எங்கள் சிறு குழுவுக்கு ஒரு சிக்கல் நெடுநாளாக இருந்தது. கோப்புகளில் 'ஔவை' என்று தேடினால் சில பாடல்கள் வரும், பல வாரா. திறந்து பார்த்தால் அவள் பெயர் அங்கேயும் கண்ணுக்குச் சரியாகவே தெரியும்.

கண்ணை நம்பிப் பயனில்லை என்று பைத்தான் மொழியிடம் போனோம். எழுத்தின் எண்ணைக் கேட்டால் 'ஔ'வுக்கு 2964 என்கிறது. ஆனால் ஒருங்குறி அட்டவணை பதினாறின் அடிமானத்தில் அச்சாகியிருக்கிறது. 2964ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 185, மீதி 4. மறுபடி வகுத்தால் ஈவு 11, மீதி 9. பதினொன்றுக்கு அங்கே 'பி' என்னும் எழுத்து. கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் பி94. ரூபாய்க்குப் பதினாறு அணா என்று 1957 வரை கணக்குப் பார்த்த நாட்டாருக்கு, வீசம் என்ற சொல்லை இன்னும் மறவாத தமிழருக்கு, இந்தப் பதினாறு அப்படியொன்றும் அந்நியமானதல்ல.

பைத்தானில் 'ஹெக்ஸ்' என்னும் செயற்கூறு இவ்வளவையும் ஒரே வரியில் முடித்துச் சரமாகத் தருகிறது. ஆயினும் முன்னால் '0எக்ஸ்' என்று ஒட்டுகிறது, சிறிய எழுத்தில் தருகிறது, முன்பூச்சியத்தை விட்டுவிடுகிறது. அட்டவணையிலோ '0பி94' என்று நான்கு இடம். 'ஃபார்மட்' என்பதிடம் நான்கு இடம், பூச்சிய நிரப்பு, பெரிய எழுத்து என்று சொல்லிவிட்டால் அட்டவணையில் உள்ளபடியே கிடைக்கும்.

அப்படி அச்சிட்டுப் பார்த்தபோது, தேடலில் அகப்படாத ஔவைகளின் தலையில் 0பி94 இல்லை. 0பி92, 0பிபி3 என்று இரண்டு இருந்தன. அதாவது ஒகரமும் ளகரமும். யாரோ 'ஒளவை' என்று தட்டியிருக்கிறார்கள். 'கௌரவம்' பலவிடத்துக் 'கெளரவ'மாகவும், 'வௌவால்' 'வெளவா'லாகவும் கிடந்ததன் மருமமும் இதுவே.

ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. 'ஒளி'யும் ஒகரமும் ளகரமுமாகத்தான் தொடங்குகிறது. கண்மூடி மாற்றினால் பாடல்களில் உள்ள ஒளியெல்லாம் உடைந்து, ஔகாரத்தின்மேல் தொங்கும் கொக்கியாகிவிடும். 'கெளுத்தி'க்கும் அதே கதி. எனவே ளகரத்துக்கு அடுத்த எண்ணையும் பார்த்தோம். அது 0பிபிஇ முதல் 0பிசிடி வரை இருந்தால் உயிர்மெய்க்குறியோ புள்ளியோ தொடர்கிறது, தொடக்கூடாது. வேறு மெய்யெழுத்து நின்றால் மட்டும் ஐயத்துக்குரியதெனக் குறித்து வைத்தோம். அவற்றையும் எந்திரத்திடம் விடவில்லை. அச்சுநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறோம். ஆத்திசூடி முடிந்துவிட்டது, தனிப்பாடல்கள் பாதியில் இருக்கின்றன.