யானைமேல் இருந்த இளவரசன்

அரசன் என்றால் யானைமேல் வர வேண்டும் என்று நினைத்தவர்கள் நாம் மட்டுமல்ல. அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து அரசனான செலூக்கஸ், சிந்து நதிப்பக்க நாடுகளைச் சந்திரகுப்த மௌரியனுக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு 500 யானைகளை வாங்கிக்கொண்டான். கி.மு. 301இல் இப்சஸ் போரில் அவை கைகொடுத்தன. தன் காசிலும் யானையைப் பொறித்தான். பாக்டிரியாவை ஆண்ட டெமிட்ரியஸ் யானைத்தலைத் தோலையே முடியாகச் சூடியிருக்கிறான். நெற்றிக்கு மேல் துதிக்கை தூக்கி நிற்கும் அந்தக் காசைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், எங்கள் உத்திரமேரூருக்கு வடக்கே இருக்கும் தக்கோலம்தான் என் நினைவுக்கு வரும்.

கி.பி. 949இல் அங்கே சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்து நின்றான். கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றான். யானைமேலேயே உயிர் போனது. 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று பின்னால் வந்தவர்கள் அவனைச் சொன்னார்கள். படை முழுக்கத் தன்னைப் பார்க்க வேண்டும் என்றுதானே அரசன் யானை ஏறுகிறான்? எதிரியின் வில்லாளியும் பார்ப்பான். 1054இல் கொப்பத்தில் சோழ மன்னன் ராஜாதிராஜனும் யானைமேல்தான் மாண்டான். அங்கே தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிப் படையைத் திருப்பி நிறுத்தினான். தக்கோலத்தில் அதற்கும் ஆளில்லை. இளவரசன் சரிந்தான், சோழப்படையும் சரிந்தது. அந்தச் சாவை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும்.

அதே பராந்தகனின் ஆட்சி எங்கள் ஊரில் வேறு முகத்தோடு இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். எழுத்தின் பள்ளங்களில் நிழல் கட்டி, வரி வரியாக எழுந்து வரும். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலை விதிகள் அவை. 30 குடும்புகள் (ஊரின் வார்டுகள்), பெயர் எழுதிய ஓலைகள், ஒரு குடம், ஓலையை எடுக்க ஒரு சின்னப் பையன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் நெருங்கிய உறவினரும் வர முடியாது. இதற்கெல்லாம் அரசன் நேரில் வரவில்லை. அவன் ஆணையோடு ஓர் அதிகாரி வந்து சபையாருடன் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

பராந்தகனின் பெருமை எது என்று கேட்டால் நான் இந்தச் சுவரைத்தான் காட்டுவேன். தக்கோலத்துக்குப் பிறகு எங்கள் ஊர் இருக்கும் தொண்டைமண்டலம் சோழர் கையை விட்டுப் போனது. ஆனால் அதற்கடுத்து அங்கே ஆண்ட பார்த்திவேந்திரவர்மன் காலக் கல்வெட்டுகளிலும் உத்திரமேரூர்ச் சபையார் கூடுகிறார்கள், நிலம் விற்கிறார்கள், வரி நீக்குகிறார்கள்.