திறந்து பார்த்த பிறகு

எங்கள் தந்தையார் 1984-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் வண்டி இன்றும் எங்கள் இல்லத்தில் இருக்கிறது. அவ்வகை வண்டிகளின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும், முழங்காலை மடக்க இயலாத எங்கள் தாயாருக்கு அதைப்போல் ஏறி இறங்க வசதியான வண்டி வேறில்லை.

சென்ற கோடையில் திண்டுக்கல்லில் ஒரு திருமணத்திற்குச் சென்று திருச்சிக்குத் திரும்புகையில், மணப்பாறையைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் எல்லையைத் தொட்டது. ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற ஆசையில் மேலும் சில மைல்கள் ஓட்டினோம். (சகோதரர் இருவரில் ஓட்டியவர் யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.) பின்னால் வெண்புகை எழுந்த பின்னரே நிறுத்தினோம். மறுநாள் அளவுகோலை எடுத்துப் பார்த்தபோது, எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பியைப்போல் இருந்தது.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்றார் இளையவர். தந்தையார் ஓட்டிய எஞ்சினைச் செப்பனிடுவதே முறை என்றார் மூத்தவர். எதற்குக் கை நீட்டினாலும், அது எங்கள் இல்லப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணம். இரண்டு நாள் உணவு வேளைகளில் பேச்சே இல்லை.

எங்கள் மேஸ்திரிதான் வழி சொன்னார்: “திறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள், ஐயா. பிளாக்கில் வெடிப்பு இருந்தால் பழுது பார்ப்பது வீண். இல்லையென்றால், வேறொருவர் ஓட்டித் தேய்த்த எஞ்சினுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?”

அவர் ஹெட்டைக் கழற்றினார். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருந்தது. ஹெட்டின்மேல் இரும்பு நேர்கோலை வைத்து, அடியில் மெல்லிய தகடுகளை நுழைத்து அளந்தார், சற்றே வளைந்திருந்தது. வால்வுகளுக்கு நடுவே வெடிப்பைத் தேடினார், இல்லை. சிலிண்டர்களின் தேய்மானமும் அளவுக்குள்தான். எண்ணெயில் தண்ணீர் கலந்தபடி ஓடியதால் பேரிங்குகளில் கீறல் விழுந்திருந்தது. கிராங்க் தண்டு மட்டும் தப்பியிருந்தது. “இன்னும் ஐந்து மைல் ஓட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்” என்றார் மேஸ்திரி. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஹெட்டை லேத் பட்டறையில் சமன் செய்து, வால்வுகளை உட்காரவைத்து, பேரிங்குகளையும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்ட செலவு, புதுப்பேட்டை விலையில் பாதிக்கும் குறைவு. எஞ்சினை மாற்றியிருந்தால் பதிவுச் சான்றிலும் எண்ணை மாற்ற அலுவலகத்துக்கு அலைந்திருக்க வேண்டும். பிளாக் வெடித்திருந்தால் அந்த அலைச்சலையும் ஏற்றிருப்போம். இளையவர் சொன்னதும் தவறான யோசனை அன்று.

கல்லூரிக் கட்டணத்தைக் கடைசி நாளுக்கு முந்தின நாள் செலுத்தினோம். வண்டி வீடு வந்த மாலையில், தாயார் முன் இருக்கையில் அமர்ந்து, “தண்ணீர் ஊற்றினீர்களா?” என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கிப் பானெட்டைத் திறந்தோம்.